மூன்று நாள் பத்தியக்காரர்

வைணவ ஆசாரியர் கூரத்தாழ்வான் வீட்டில் அன்னதானம் முடிந்து இரவு கதவைச் சாத்தினால், அந்தச் சத்தம் காஞ்சிபுரத்துப் பெருந்தேவித் தாயார் காதுவரை கேட்குமாம். ஆழ்வான் பிறந்த கூரத்தில் வந்து ‘சோத்தைக் குறைங்க’ என்றால் எடுபடுமா? நம் சுகர்காரரிடம் எடுபடும். மூன்று நாளைக்கு.

சொந்தமாகப் பட்டுத்தறி வைத்திருப்பவர். டெஸ்ட் தேதி நெருங்கினால் வீடே மடமாகிவிடும். ஒரு கரண்டிச் சோறு, தட்டு நிறையக் கீரை, பாகற்காய்ப் பொரியல். வாரத்துக்கு 150 நிமிடம் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நாளுக்கு 50 நிமிடம், மூன்று நாள், கணக்கு நேர். எந்த வாரம் என்று டாக்டர் சொல்லவில்லையே! ஆதிகேசவப் பெருமாள் கோயிலைச் சுற்றி வேர்க்க விறுவிறுக்க நடப்பார், நாலு பேர் பார்க்கிறார்களா என்று பார்த்தபடி. ரத்தம் கொடுத்த கையில் பஞ்சு காய்வதற்குள் டீக்கடை பெஞ்சில் இருப்பார். சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, ரெண்டு வடை.

“தெனமும் நடந்தா என்னங்க?” என்பார் மனைவி.

“நாள் பூரா தறியில மிதிக்கிறேனே, அது என்னவாம்?”

மிதிப்பது பாதம் மட்டும்தான். மேலே உள்ள எண்பது கிலோ குழித்தறி ஓரத்தில் உட்கார்ந்தே இருக்கிறது.

வெள்ளைச் சர்க்கரை அவருக்குப் பரம வைரி. வெல்லமும் கருப்பட்டியும் தேனும் மட்டும் உறவுக்காரர்கள். ரத்தத்துக்கு இந்த உறவுமுறை தெரியாது. கேழ்வரகு நல்லது என்று யாரோ சொன்னதிலிருந்து நைசாக அரைத்த மாவில் கஞ்சி, ஒரு சொம்பு. மாவு நைசாக நைசாகச் சுகரும் சீக்கிரம் ஏறும் என்று யார் சொன்னாலும் அந்தச் சமயம் பார்த்துக் காது மந்தமாகிவிடும். வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியைப் பற்றி மட்டும் மூச்சு விடக்கூடாது. “மிளகு, சீரகம், சுக்கு! நாட்டு மருந்துக்கடையே உள்ள இருக்கு சார்!” மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் அரிசியும் சேர்ந்துதான் வேகிறது என்பதைச் சொல்லமாட்டார். நெய்யையும் சொல்லமாட்டார்.

இந்த முறை டாக்டர் ஹெச்பிஏ1சி எழுதிக்கொடுத்துவிட்டார். சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடிருக்கும். ஒட்டிக்கொண்ட சர்க்கரையைக் கடைசிவரை விடாது. அதை அளந்தால் இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரி வெளியே வந்துவிடும். 6.5 வந்தாலே சர்க்கரை நோய், இவருக்கு 9.2.

“மிஷின்ல ஏதோ கோளாறு டாக்டர். மூணு நாளா பச்சைத்தண்ணிதான்.”

“இது மூணு மாசக் கணக்குங்க.”

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சுகர்காரர் விரல்விட்டு எண்ணினார். மச்சினி மகள் கல்யாணம், ரெண்டு சீமந்தம், ஒரு கிரகப்பிரவேசம். எல்லாமே உள்ளே.

கொஞ்ச நேரம் யோசித்தவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அப்போ அடுத்த டெஸ்டைத் தீபாவளி கழிஞ்சு நாலு மாசத்துக்கு அப்புறம் வச்சுக்கலாமா டாக்டர்?”