மல்லிகையை முகராமல் சேர்ப்பது எப்படி?

பூப்படம் போட்ட தபால்தலை சேர்க்கும் ஆசை வந்துவிட்டதா? முதல் வேலையாகத் தோட்டத்துப் பக்கம் போவதை நிறுத்துங்கள். அங்கே பூ வாடும், பூச்சி வரும், யாராவது பறித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். ஸ்டாம்ப் பூவை யாரும் தொடவே கூடாது. நீங்களும்தான். விரல் பிசுக்கு ஒட்டினால் போயிற்று. தட்டை முனை இடுக்கி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். புருவம் திருத்துகிற இடுக்கி வேண்டாம், தாளைக் கடித்துவிடும்.

தொடக்கத்துக்கு 1977ஆம் ஆண்டுத் தொகுதி உகந்தது. தாமரை 25 காசு, ரோடோடென்ட்ரான் 50 காசு, கடம்பு 1 ரூபாய், செங்காந்தள் 2 ரூபாய். தேசிய மலரைவிட நம் மாநில மலருக்கு எட்டு மடங்கு மதிப்பு! வீட்டுக்கு வருகிறவர்களிடம் இதைத் தவறாமல் சொல்லுங்கள். தபால் கட்டணத்துக்கும் பூவின் அந்தஸ்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களை இரண்டாவது முறை அழைக்க வேண்டாம்.

செங்காந்தளைத் தேடி அலையும்போது பஸ் ஒட்டன்சத்திரம் பக்கம் போனால் ஜன்னல் பக்கம் திரும்பாதீர்கள். அதே பூதான் அங்கே கண்வலிக்கிழங்கு என்ற பெயரில், விதைக்காக, வயல் வயலாகப் படர்ந்து கிடக்கும். மருந்துக்காகும் கொல்சிசின் அந்த விதையில் இருக்கிறது; கிழங்கைத் தின்றால் உயிருக்கே ஆபத்து. ஆல்பத்தில் இருப்பதோ யாருக்கும் தீங்கு செய்ததில்லை.

குறிஞ்சி ஸ்டாம்ப் 2006இல் வந்தது, மலை பூத்த அதே ஆண்டில். அடுத்த பூப்பு 2018இல். அந்த ஆகஸ்டில் மூணாறுக்குக் கிளம்பியவர்களைக் கேரள வெள்ளம் மறித்தது. ஆல்பக்காரர் சொட்டு நனையவில்லை.

இனி முக்கியமான பாடம், வாசனை ஸ்டாம்ப். 2006 டிசம்பரில் சந்தனம், 2007 பிப்ரவரியில் ரோஜா, 2008 ஏப்ரலில் மல்லிகை என்று நம் அஞ்சல்துறை மணக்க மணக்க வெளியிட்டது. மல்லிகை 5 ரூபாய்க்கும் 15 ரூபாய்க்கும் வந்தது. வாங்கி உறையிலிட்டு மூடிவிடுங்கள். முகர வேண்டுமென்றால் தேய்க்க வேண்டும். தேய்த்தால் மேற்பரப்பு கெடும். கெட்டால் மதிப்பு போகும். தேய்க்காமல் வைத்தாலும் மணம் ஆண்டுக்கு ஆண்டு குறையத்தான் செய்யும். ஆகவே யாரும் முகராத மணம் ஒன்று உங்கள் அலமாரியில் மெல்லக் கரைந்துகொண்டிருக்கும். இதற்குத்தான் சேகரிப்பு என்று பெயர். ஊரிலிருந்து வரும் அத்தையிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள். தலையில் மதுரை மல்லி நாலு முழம் வைத்துக்கொண்டு ஸ்டாம்பை மூக்கில் வைத்து இழுத்துவிட்டு, “ஒரு வாசமும் வரலையேப்பா, பழசைக் குடுத்து ஏமாத்திட்டானா?” என்பார்.

பழைய கடித உறை கிடைத்தால் ஸ்டாம்பைப் பிய்க்காதீர்கள். சுற்றி வெட்டி, தண்ணீரில் மிதக்கவிட்டால் தானே கழன்றுகொள்ளும். வண்ண உறையாக இருந்தால் தனிக் கிண்ணம், இல்லையேல் தாமரை பச்சையாகிவிடும். உலர்த்துவதற்குச் செய்தித்தாள் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். ஐப்பசி மழையில் ஆல்பத்தைத் திறக்காதீர்கள். ஈரக்காற்றில் பசை இளகி, பூ பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

“இதெல்லாம் என்ன விலைக்குப் போகும்?” என்று மைத்துனர் கேட்பார். அண்மைக்கால ஸ்டாம்புகள் பலவும் அச்சிட்ட விலையைத் தாண்டுவதில்லை என்ற உண்மையைச் சொல்லாமல், மேலே பார்த்து லேசாகச் சிரியுங்கள்.

கடைசியாக, ஆல்பத்தைப் பூட்டி வையுங்கள். என்றாவது ஒரு நாள் அவசர விண்ணப்பம் அனுப்ப ஸ்டாம்ப் இல்லாமல் வீட்டில் யாராவது தேடுவார்கள். 15 ரூபாய் மல்லிகை கண்ணில் படும். நாக்கில் ஒரு தடவு, உறையில் ஓர் அழுத்து. விண்ணப்பமும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிடும், அதுதான் வயிற்றெரிச்சல்.