மழைக்கால டீபக்கர்

இடுக்கி மலையிலிருக்கும் வண்டன்மேட்டில், புரோகிராமில் பிழை தேட எந்த டீபக்கரைப் பயன்படுத்துவது என்று நான் முடிவு செய்வதில்லை. மழை முடிவு செய்கிறது.

பெங்களூரில் இருக்கும் தம்பிக்கு இது விளங்காது. "அண்ணே, இன்னுமா கட்டளை தட்டுற ஜி.டி.பி.? வி.எஸ். கோடுல ஓரமா ஒரு கிளிக், சிவப்புப் புள்ளி வரும், புரோகிராம் அங்கயே வந்து நிக்கும். வேரியபிள் மேல மவுஸை வெச்சா மதிப்பு தெரியும்" என்பான். பொய்யில்லை. யாரோ எழுதிவிட்டுப் போன கோடுக்குள் முதன்முதலாக நுழையும்போது எதைக் கேட்பது என்றே தெரியாது. எல்லாவற்றையும் விரித்துக் காட்டும் திரை அப்போது வரம். ஜி.டி.பி.யோ கேட்டால்தான் வாயைத் திறக்கும். அதுவும் பெரிய ஸ்ட்ரக்சர் ஒன்றைப் பிரிண்ட் செய்யச் சொல்லிவிட்டால், கல்யாண வீட்டில் மொய் நோட்டை வாசிப்பதுபோல நிறுத்தாமல் கொட்டும்.

ஆனால் எங்கள் அலுவலக விதிப்படி கோடு சர்வரை விட்டு வெளியே வரக்கூடாது. தொலைவிலிருந்து திரையையே இழுத்துப் பார்க்கலாம், அல்லது டெர்மினலில் நுழையலாம். ஜூன் மழையில் நெட் படுத்துவிடும். அப்போது திரையை இழுத்தால், கிளிக் செய்துவிட்டு எழுந்துபோய்க் கட்டஞ்சாயா போட்டுக் குடித்துவிட்டு வரலாம். மெனு பாதி திறந்திருக்கும். டெர்மினலில் போவதும் வருவதும் வெறும் எழுத்து. 'பிடி' என்ற இரண்டெழுத்தைத் தட்டினால் எந்த ஃபங்ஷன் எதை அழைத்து எங்கே விழுந்தது என்று சில வரிகளில் வந்துவிடும். கரண்ட் போனாலும் கவலையில்லை. டீமக்ஸ் என்ற புரோகிராமுக்குள் திறந்து வைத்த ஜி.டி.பி., நான் திரும்பி வரும்வரை சர்வரில் அப்படியே நின்றுகொண்டிருக்கும்.

மாமாவுக்குத்தான் வருத்தம். "கலர் கலரா இருந்துச்சே மாப்ள, ஏன் கறுப்பாயிருச்சு? ரிப்பேரா?" என்றார். அத்தைக்குக் கறுப்புத் திரைதான் பிடிக்கும். சினிமாவில் பேங்க்கைக் கொள்ளையடிப்பவன் இப்படித்தான் தட்டுகிறான். மருமகன் முன்னேறிவிட்டான் என்று நினைக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதிய இதே ஜி.டி.பி.தான் தம்பியின் திரைக்குள்ளும் உழைக்கிறது. 1990களில் டி.டி.டி. என்ற வரைகலை முகப்பை அதன்மேல் மாட்டினார்கள். இன்று லினக்ஸில் சி, சி பிளஸ் பிளஸ் கோடை வி.எஸ். கோடில் டீபக் செய்தால், பெரும்பாலும் அடியில் இருப்பது ஜி.டி.பி.தான். கிழவனைக் கேலி செய்துகொண்டே கிழவன் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறான்.

இப்படி இரண்டும் சேர்ந்து ஓடுவது எங்கள் பக்கம் புதிதல்ல. பக்கத்துப் புற்றடியில் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஏலம் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. வியாபாரி ஒவ்வொருவர் முன்னாலும் திரை. ஆனால் சாம்பிள் காயைக் கையில் எடுத்து, உடைத்து, மோந்து பார்த்த பிறகுதான் விரல் பட்டனுக்குப் போகும். திரையா, விரலா என்று அங்கே பட்டிமன்றம் வைப்பவர் யாருமில்லை.

கமாண்ட் லைனுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. எங்கே நிறுத்த வேண்டும், எதை எழுதி வைக்க வேண்டும் என்று கட்டளைகளை ஒரு ஃபைலில் போட்டுக் கொடுத்துவிட்டால், நான் தூங்கும்போது அது வேலை பார்க்கும். மவுஸுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

ஆகவே ஜூன் முதல் நவம்பர் வரை எனக்கு ஜி.டி.பி., வானம் வெளுத்த பிறகு வி.எஸ். கோடு. பெங்களூர்த் தம்பிகளே, உங்களுக்கும் ஒருநாள் நெட் படுக்கும். பிரேக், பிரிண்ட், வாட்ச், பிடி நான்கையும் இப்போதே பழகி வையுங்கள்.