நாற்காலிக்கு எதற்குப் பாவாடை?

போன ஞாயிற்றுக்கிழமை கட்டிய வேட்டியை இன்னும் சலவைக்குப் போடவில்லை. இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் அந்தப் பட்டையின் முள்ளுக்குள் வெள்ளை வலைத்துணியின் நூல் ஒரு கொத்து சிக்கியிருக்கிறது. ஊசியால் எடுத்துப் பார்த்தேன், வரவில்லை. ஆதாரமாக இருக்கட்டும் என்று அப்படியே மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

அக்கா மகளுக்குக் கல்யாணம். காலையில் கோயிலில் தாலி, மாலையில் எர்ணாகுளத்தில் ஓர் ஆடிட்டோரியத்தில் ரிசப்ஷன். "சிம்பிளாத்தான்டா பண்றோம்" என்று அக்கா 6 மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த வார்த்தை காதில் விழுந்தால் உடனே லாக்கர் சாவியைத் தேட வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். பட்டவன் என்ற முறையில், அடுத்து வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு உபயோகமாக 5 யோசனை சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நாற்காலி, பூ, மேடை, பந்தி, பாட்டு. நாற்காலியை முதலில் முடித்துவிடுகிறேன், சின்ன விஷயம்.

அதற்கும் முன்னால் மேடையைப் பற்றி ஒரு வார்த்தை. அலங்காரம் செய்ய வந்த தம்பி லேப்டாப்பைத் திறந்து வைத்து, "அங்கிள், தீம் என்ன?" என்றான். "கல்யாணம்" என்றேன். அதோடு அக்கா பக்கம் திரும்பி உட்கார்ந்தவன்தான், பேச்சு முடியும்வரை என்னைப் பார்க்கவில்லை. கடைசியில் முடிவான தீம், பழைய கொச்சி. மேடைக்குப் பின்னால் 20 அடிக்கு ஒரு துணி. துணி முழுக்கக் காரை உதிர்ந்த சுவர், பாசி, துருப்பிடித்த தாழ்ப்பாள் போட்ட மரக்கதவு. நான் குடியிருப்பது மட்டாஞ்சேரிக் கொச்சங்காடியில். அங்கிருந்து பஜார் ரோடு மலைச்சரக்குக் கிடங்குகள் வரை நடந்தால் வழியெல்லாம் இந்தத் தீம்தான். எங்கள் வீட்டுச் சுவரே அப்படித்தான் நிற்கிறது. அதைப் பூசாததற்கு 18 வருஷமாக என்னைத் திட்டிக்கொண்டிருக்கும் என் மனைவி, அந்தத் துணிக்கு முன்னால் நின்று, "எவ்வளவு அழகு, இல்ல?" என்றாள். ஒரு சாயங்காலத்துக்கு வாடகை 45,000 ரூபாய். கேட்டிருந்தால் என் சுவரையே செங்கல்லோடு பெயர்த்துக் கொடுத்திருப்பேன்.

வாசலில் பெயர்ப் பலகை வேறு. முன்பென்றால் தெர்மோகோலில் வெட்டி ஒட்டியிருப்பார்கள். அலங்காரத் தெர்மோகோலுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. நல்ல காரியம், இனி அலங்காரம் குறையும் என்று சந்தோஷப்பட்டேன். பலகையை அக்ரிலிக்கில் செய்து, பின்னால் விளக்கும் போட்டு, மூன்று மடங்கு விலைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எங்கள் கொச்சங்காடியில் ஒரு காலத்தில் யூத ஆலயம் ஒன்று இருந்தது. ஆலயம் போய்விட்டது, 1344-45ஐச் சேர்ந்த அதன் கல்வெட்டு மட்டும் இன்றும் யூதத் தெருவில் பரதேசி ஆலயச் சுவரில் பதிந்திருக்கிறது. பலகை என்றால் அது பலகை. எங்கள் பலகை 4 மணி நேரம் நின்றது. ராத்திரி ஒன்பதரைக்கு மாப்பிள்ளை பெயரைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். மாப்பிள்ளை அப்போது மேடையில் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நாற்காலிக்கு வருகிறேன்.

பிளாஸ்டிக் நாற்காலியைப் போல வம்பு தும்புக்குப் போகாத பொருள் உலகத்தில் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். மழையில் நனைந்தால் துடைக்கலாம். சின்னப் பையன் ஒரு கையால் தூக்கிவந்து, "மாமா, உட்காருங்க" என்று போடுவான். பெரியவர்களுக்கு அதுதான் மரியாதை. இப்படித் தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்த நாற்காலிக்கு வெட்கப்படச் சொல்லிக் கொடுத்தவன் எவன்? அதற்குக் கால் தெரியக்கூடாதாம். தலை முதல் தரை வரை வழவழவென்று வெள்ளை உறை. இடுப்பில் வலைத்துணி நாடா. முதுகில் பட்டாம்பூச்சி முடிச்சு. கல்யாணப் பெண்ணின் புடவைக்குக்கூட அத்தனை கொசுவம் இல்லை. வாசலிலிருந்து பார்த்தேன். மார்கழிக் குளிருக்குப் போர்த்திக்கொண்டு 600 பாட்டிகள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

சரி, உட்காருவோம் என்றால் வழுக்குகிறது. இரண்டு நிமிஷத்தில் நீங்கள் முன்பக்கம் நழுவியிருப்பீர்கள். தனியாக விடக்கூடாது என்று உறையும் கூடவே வந்திருக்கும். கையை ஊன்றிப் பின்னால் தள்ளி உட்கார வேண்டும், மறுபடியும் நழுவ வேண்டும். 600 பேரும் இதையே செய்துகொண்டிருந்ததால் மண்டபம் காயல் அலைபோல் அசைந்துகொண்டே இருந்தது. முடிச்சு முதுகை உறுத்துகிறது. அவிழ்த்துவிடலாம் என்றால் அக்கா மேடையிலிருந்து பார்க்கிறாள். குழந்தைகள் உறைக்குள் புகுந்து ஒளிந்து விளையாடின. எனக்குப் பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை என்று நினைத்துப் பையை வைத்தேன், அது "ஆ" என்றது.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன், ஒன்றைத் தவிர. உறை போட்ட நாற்காலியை இழுத்துப்போட முடியாது. இழுத்தால் துணி காலுக்கடியில் சுருண்டு கவிழ்கிறது. முன்பெல்லாம் கல்யாண வீட்டில் பத்து பேர் நாற்காலியைத் திருப்பிப்போட்டு வட்டமாக உட்காருவோம். நிலத் தகராறு, பழைய கடன், யார் பையன் எங்கே வேலை, எல்லாம் அந்த வட்டத்தில்தான் ஓடும். பாதிக் கல்யாணங்கள் அங்கேதான் பேசி முடிந்தன. இப்போது எல்லாரும் பஸ்ஸில் ஏறிய மாதிரி ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். 30 வருஷம் என்னோடு சீட்டாடியவர் எனக்கு நேர் பின்வரிசையில் இருந்தார். அவரிடம் நான் பேசியது, "தண்ணி எங்க இருக்கு?" இவ்வளவுதான். மேலே பறந்த டிரோனுக்கு நாங்கள் ஒழுங்காகத் தெரிந்திருப்போம்.

எங்கள் மட்டாஞ்சேரியில் குஜராத்தி, கொங்கணி, கச்சி மேமன், ஜைனர், தமிழர் என்று தெருவுக்குத் தெரு கல்யாணம் மாறும். எங்களுக்கு மஞ்சள் கயிறு. சிரியன் கிறிஸ்தவர்களுக்கு மந்திரகோடிப் புடவையில் உருவிய நூலில் கோத்த மின்னுத் தாலி. செம்பிட்ட பள்ளிவாசல் பக்கம் நிக்காஹ். தாலியில் ஒத்துப்போகாதவர்கள், சாம்பாரில் வெல்லம் போடலாமா என்பதில் ஜென்மத்துக்கும் ஒத்துப்போகாதவர்கள், நாற்காலிக்குப் பாவாடை கட்டுவதில் மட்டும் ஒரே குலமாகிவிட்டார்கள். நாற்காலி இல்லாமலும் கல்யாணம் நடக்கும், குருவாயூர்க் கோயிலைப் பாருங்கள். 2024 செப்டம்பர் 8ஆம் தேதி, அந்த ஒரே நாளில் 300க்கும் மேல் கல்யாணம் நடந்தது. வரிசையில் நின்று, மண்டபத்தில் ஏறி, தாலி கட்டி, இறங்கிப் போனார்கள். 1981இல் மறைந்த பாடகர் மெஹ்பூப் எங்கள் மட்டாஞ்சேரிப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பாடியவர். பாயில் உட்கார்ந்து கேட்டதாக அப்பா சொல்வார். பாய்க்கு உறை போட்டிருந்ததாகச் சொன்னதில்லை.

எட்டு மணி இருக்கும். "தாய்மாமன் எங்கே, மேடைக்கு வாங்க" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். முன்வரிசை, புது வேட்டி, நூற்றுக்கணக்கான கண். கம்பீரமாக எழுந்தேன். வேட்டியின் பட்டை நாடாவின் வலையைக் கவ்விக்கொண்டிருப்பது எனக்கு எப்படித் தெரியும்? இரண்டடி வைத்தேன், நாற்காலியும் இரண்டடி வைத்தது. வேகமாக நடந்தேன், அதுவும் வேகமாக வந்தது. நின்றால் வேட்டி மிஞ்சும், நடந்தால் மிஞ்சாது என்ற நிலையில் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். போட்டோக்காரப் பையன், "மாமா, அப்படியே ஒரு நிமிஷம்" என்றான். மண்டபத்தில் அன்று எல்லாரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டது அந்த ஒரு நிமிஷம்தான். அக்கா பாய்ந்து வந்து நாடாவைப் பிய்த்தாள்.

இரண்டாவது யோசனை, பூ. நம் மல்லிகையெல்லாம் தமிழ்நாட்டிலிருந்து வரும் சரக்கு, முகூர்த்த நாளில் விலை கையைச் சுடும். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுவதாக இருந்தேன். அதற்குள் அத்தான் வாடகை பில்லோடு வந்துவிட்டார். நாற்காலி உறை 600, திரும்பி வந்தது 600. நாடா 600, திரும்பி வந்தது 599. கிழிந்த ஒன்றுக்கு 60 ரூபாய் தனியாகப் போட்டிருந்தது. அதை என்னிடம் வாங்கிக்கொண்டு போனார்.