சார்ஜ் நில்லாமை: ஒரு வகைப்பாட்டு ஆய்வு

சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரின் 12 வோல்ட் பேட்டரி, இரவு முழுக்க சார்ஜ் போட்டும் செல்ஃப் அடித்தால் ‘டிக்’ என்று ஒருமுறை சொல்லி அடங்குமாயின், அது சார்ஜ் நில்லாமை எனப்படும். இது மூவகை: ஏறியது உள்ளே நில்லாதது, உள்ளே ஏறவே ஏறாதது, நின்றும் வெளியே வராதது. முதலாவது பேட்டரியின் குற்றம். இரண்டாவது சார்ஜிங் லைனின் குற்றம். மூன்றாவது டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடியின் குற்றம். மூன்றுக்கும் புது பேட்டரியே மருந்து என்பது கடைக்காரர் மரபு. பூத்த பொடிக்கு வெந்நீரும் பழைய பிரஷும் போதுமாகையால் அதில் முனைவர் பட்டத்துக்கு இடமில்லை.

முதலில் செய்யத்தக்கது எது என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுவர். டெர்மினலை ஸ்பேனரால் தட்டுக என்பர் தொன்மையோர். எத்தனை முறை என்பது மூலத்தில் இல்லை. மூன்று என்பார் ஒருசாரார். ‘ஸ்டார்ட் ஆகும்வரை’ என்பது பாடபேதம். ஸ்பேனர் பத்தா, பன்னிரண்டா என்ற பூசலில் பிரிந்த இரு பள்ளிகளும் ஒன்றையொன்று மேற்கோள் காட்டுவதில்லை. இரண்டும் செழித்தது அதனால்தான். தட்டியதும் சிலபோது ஸ்டார்ட் ஆகிவிடுவது இத்துறைக்கு நேர்ந்த பெருங்கேடு. லூசான கிளாம்ப் ஒரு கணம் ஒட்டியதைக் கொள்கையின் வெற்றியாகக் கொண்டு அடுத்த உரை எழுதப்படுகிறது. 1859இல் ஈய அமில பேட்டரியை உருவாக்கிய கஸ்தோன் பிளாந்தே அதைத் தட்டினாரா என்பதற்குச் சான்றில்லை; சான்றின்மையே சான்று எனக் கொள்வாரும் உளர்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தோர் எழுதியவை மிகச் சில. சும்மா கிடக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு. 12க்குக் கீழே போனால் வறுமை. சார்ஜ் ஏற்றியும் 10.5ஐ ஒட்டியே நின்றால் ஆறு செல்லில் ஒன்று போயிற்று. ஜெனரேட்டர் ஓடும்போது 14ஐ ஒட்டி ஏறாவிட்டால் ஃபியூஸையும் ரெக்டிஃபையரையும் பார்க்க வேண்டும்.

கரண்ட் போகாத மாதங்களில் மூலையில் கிடக்கும் பேட்டரி தானே இறங்கும். வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. இறங்கியபடியே விட்டால் தகடுகளில் ஈய சல்ஃபேட் படிகமாக இறுகிப்போகும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய பலம் வராது. மின்தடையைப் பழித்தே வளர்ந்த துறையில், மின்தடை இல்லாமையால் விளையும் இக்கேடு உரிய இடம் பெறவில்லை. மூடி திறக்கும் வகையானால் தகடு மூழ்க டிஸ்டில்டு வாட்டர் ஊற்றலாம். குழாய்த் தண்ணீர் ஆகாது.

பேட்டரி இல்லாமலே ஜெனரேட்டரைக் கிளப்பவல்ல இழுவைக் கயிறு, ஆய்வுக்கே ஊறு விளைவிப்பதாகையால் இவ்வகைப்பாட்டில் சேர்க்கப்படவில்லை.