சுவாத்தியப் பண்டிதர்

வவுனியாவிலிருந்து பரந்தன் வரை ஏ9 வீதியில் எந்தச் சந்தியில் இறங்கினாலும் அவரைக் காணலாம். தேத்தண்ணிக் கடை வாங்கில், சாரத்தை மடித்துக் கட்டி, தோளில் துவாயோடு இருப்பார். நெல் விலை, பசளை விலை, எம்.பி.மாரின் சங்கதி எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் சொல்வார். சுவாத்தியம் என்று வந்துவிட்டால் மட்டும் தீர்ப்பு வழங்குவார்.

முதலாவது தீர்ப்பு, உலகத்திலேயே பெரிய வெயில் வன்னி வெயில்தான் என்பது.

"சகாரா எண்டு ஒண்டு இருக்கெல்லோ அண்ணை?"

"அது மணல் தம்பி. மணலுக்குச் சுட்டால் ஆருக்கென்ன? இஞ்சை மனிசரெல்லோ இருக்கிறம்!"

சூரியன் ஏப்ரல் நடுப்பகுதியில் கிளிநொச்சிக்கு நேர் மேலே வரும். வளிமண்டலவியல் திணைக்களம் வருசா வருசம் இதை அறிவிக்கும்போது, தன் ஊருக்குக் கிடைத்த பட்டம் என்றே அவர் எடுத்துக்கொள்வார். வவுனியாவில் 36, 37 பாகை செல்சியஸ் என்று செய்தி வந்தால் கடையில் இருப்பவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டுவார். ஆனால் 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் கொனிங்ஸ்பியில் 40.3 பாகை பதிவானதைச் சொல்லிப் பாருங்கள். முகம் கறுத்துவிடும். 2021 ஜூன் 29 அன்று கனடாவின் லிற்றன் கிராமத்தில் 49.6 பாகை வந்தது என்றால், "மெசின் பிழைச்சிருக்கும்" என்று வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுவார்.

இரண்டாவது தீர்ப்பு, வெளிநாடு என்றால் பன்னிரண்டு மாதமும் பனி. ஜூலையில் லண்டனுக்குப் புறப்படும் மருமகனின் பெட்டியில் மூன்று சுவெற்றரை அடைத்து அனுப்பியவர் அவர். ரொறன்ரோவில் 1936 ஜூலையில் மூன்று நாள் தொடர்ந்து 40.6 பாகை எரித்தது என்றால், கேட்டுக்கொண்டே மற்றப் பக்கம் திரும்பி ஒரு பிளேன்ரீக்குச் சொல்லுவார்.

இவருக்கு வாய்த்த எதிர்க்கட்சிக்காரர் ஓகஸ்டில் வருவார். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வரும் தம்பிதான் அவர். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கையில் தண்ணீர்ப் போத்தல். வாகனத்திலிருந்து இறங்கும்போதே விசிறிக்கொண்டு இறங்குவார்.

"எப்பிடி அண்ணை இந்த வெக்கைக்குள்ளை சீவிக்கிறியள்?"

"நீ உந்த வரம்பிலை செருப்பில்லாமல் ஓடித் திரிஞ்சனி. இப்ப உனக்கு வெக்கையோ?"

தம்பியிடம் நடிப்பு இல்லை. வெக்கைக்குப் பழக உடம்புக்கு ஒன்றிரண்டு கிழமை வேண்டும். பழகிவிட்டால் வியர்வை வேளைக்கே வரும், அதில் போகும் உப்பும் குறையும். தம்பிக்கு அந்தப் பழக்கம் வந்து சேரும் நாளில் கட்டுநாயக்காவில் விமானமும் வந்து நிற்கும். அவரைக் கேட்டால் இங்கே குளிர் என்ற ஒன்றே கிடையாது. மார்கழியில் ஊருக்கு வந்தது அவருக்கு ஞாபகத்தில் இல்லை.

இரண்டு பேரும் ஒத்துப்போகும் ஒரே விசயம் வன்னி வறண்ட பூமி என்பது. பள்ளிக்கூடப் புவியியலில் 'உலர் வலயம்' என்று படித்தது இருவருக்கும் பதிந்து கிடக்கிறது. ஆனால் வன்னியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 முதல் 1,500 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. எந்நேரமும் குடையோடு திரியும் லண்டனுக்குக் கிடைப்பது சுமார் 600 தான். அங்கே வருசம் முழுக்கத் தூறுவது. இங்கே பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மூன்று நான்கு மாதத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, பிறகு கச்சான் காற்று வீசி நிலத்தை வெடிக்க வைக்கும். அந்த மழையை மறித்து வைக்கத்தான் இரணைமடுவும் முத்தையன்கட்டும் மற்றக் குளங்களும். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறபட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றபோது பண்டிதர் தயங்கவில்லை. "வன்னி மழை மாதிரி உலகத்திலை மழை இல்லை" என்று புதிய தீர்ப்பு வழங்கினார். பழைய தீர்ப்பை அவர் வாபஸ் வாங்கவும் இல்லை.

மார்கழி பிறந்தால் பண்டிதரை அடையாளம் காண்பது கடினம். விடியப்புறம் 20, 21 பாகைக்கு இறங்கினால் போதும்; மங்கித் தொப்பி, கழுத்தில் மப்ளர், ரொறன்ரோத் தம்பி விட்டுப்போன பெரிய ஜக்கெற் எல்லாம் ஏறிவிடும். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று பழமொழியை எடுத்து விடுவார். அதே 20 பாகையில் ரொறன்ரோக்காரர் அரைக் காற்சட்டையோடு ஏரிக்கரைக்குப் போவது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. கொழும்புக்குப் போகும் ஏசி பஸ்ஸில், மார்கழியையும் தோற்கடிக்கும் குளிருக்குள் இரவு முழுக்க விறைத்துப் போய் இறங்கி, "நல்ல குளுகுளு எண்டு வந்தனான்" என்று சொல்பவரும் இவரேதான். காசு கொடுத்து வாங்கிய குளிர் அவர் கணக்கில் சேராது.

இவ்வளவுக்கும் சிரிக்கலாம். ஆனால் 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் நின்ற நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடு ஆடுகள் குளிரில் செத்தன. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பட்டிகளும் தப்பவில்லை. வெப்பநிலை உறைநிலைக்குக் கிட்டவும் போகவில்லை. வெட்டைவெளியில் நின்ற கால்நடையின் தோல் மழையில் ஊறியது. விடாத காற்று அந்த ஈரத்தோடு உடம்புச் சூட்டையும் வாங்கிக்கொண்டு போனது. வெக்கைக்குப் பழகிய, மெலிந்த மாடுகள் தாங்கவில்லை. கனடாவில் பனிக்காலத்தைத் தாண்டும் மாட்டுக்குத் தடித்த உரோமமும் தொழுவமும் வயிறு நிறையத் தீனியும் இருக்கின்றன.

வானிலைக்காரர் வெப்பமானியை நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் வைத்து அளக்கிறார்கள். தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் குடும்பத்தையும் நனைந்த மாட்டையும் அந்தப் பெட்டி அறியாது. அந்த அளவில் பண்டிதருக்கு வரும் குளிரும் உண்மை, தம்பிக்கு வரும் வெக்கையும் உண்மை. தன் தோலுக்குப் பட்டதை உலகத்துக்கே சட்டமாக்குவதில்தான் இருவரும் பிழைக்கிறார்கள்.

ஆகவே வாசகரே, பண்டிதரோடு வாதாட வேண்டாம், வெல்ல முடியாது. சித்திரை வெயிலில் மத்தியானம் வயலில் நிற்கிறவர்களை நிழலுக்குக் கூப்பிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த தம்பி களைக்கிறது என்றால் பகிடி பண்ணாமல் தண்ணீர் கொடுங்கள். மாரி தொடங்க முன்னம் பட்டிக்கு ஒரு கூரையும், காற்றுப் பக்கம் ஒரு மறைப்பும் போட்டுவிடுங்கள்.