அடுத்த பாயில் படுத்திருந்த பையன்

கேள்வி: 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் ஆலிவர் கூடுதல் கஞ்சி கேட்டது அவன் பசிக்காகத்தானே?
– வாசகர் ஒருவர், பாறசாலை

பதில்: அவன் பசிக்கு மட்டுமல்ல. 1837இல் தொடராக வெளிவரத் தொடங்கிய அந்த நாவலில், ஆலிவர் இருக்கும் ஏழைகள் விடுதியில் நெட்டையான ஒரு பையன் வருகிறான். அப்பா சிறிய சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். தினமும் இன்னொரு கிண்ணம் கஞ்சி கிடைக்காவிட்டால், பக்கத்தில் தூங்கும் பையனை ஒருநாள் ராத்திரி தின்றுவிடுவேனோ என்று பயமாயிருக்கிறது என்கிறான். எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். யார் போய்க் கூடுதல் கஞ்சி கேட்பது என்று சீட்டுப் போடுகிறார்கள், ஆலிவர் பெயர் விழுகிறது.

என் மனசு அந்தப் பக்கத்துப் பையனிடம்தான் போகிறது. சின்ன வயசு, நோஞ்சான் உடம்பு. நாவலை எழுதிய டிக்கன்ஸ் அவனுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. அன்று ராத்திரி அவன் எப்படிக் கண்மூடியிருப்பான்?

நெட்டையனைக் கொடியவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கஞ்சி பயறும் பப்படமுமாக வரும். ஆலிவரின் விடுதியிலோ மூன்று வேளையும் வெறும் தண்ணிக் கஞ்சி. வாரம் இரண்டு நாள் ஒரு வெங்காயம், ஞாயிறன்று அரை ரொட்டி. அந்தக் கணக்கைப் போட்டவர்கள் கொழுத்த கனவான்கள். பிள்ளையைப் பிள்ளைக்கு எதிராகத் திருப்பியது அவர்கள்தான்.

மாநில எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, விடுதியில் ஒரு பிள்ளை பக்கத்துப் படுக்கைக்காரனுக்குப் பயந்து விழித்திருந்தால், குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள். இரு மாநிலத்துக்கும் அதே எண், கட்டணம் கிடையாது. மிரட்டும் பிள்ளை சாப்பிட்டானா என்றும் விசாரியுங்கள்.