400 ரூபா புஷ்

வா நைனா, உட்காரு. சிப்காட்டுல மிஷின் பார்க்கிற ஆளு, சொந்த போர் மோட்டாரைத் தூக்க இந்த வருஷம் மூணாவது வாட்டி ஆள் கூட்டினு வந்தியாமே? ஊத்துக்கோட்டை பஜாருல மெக்கானிக் உன்னைக் கண்டா எழுந்து நிக்கிறான். நிக்கமாட்டானா? உன் போர்லதானே அவன் வீட்டுக்கு மாடி எழும்புது.

சித்திரையில புஷ் போச்சு, 400 ரூபா. மாத்தின, சரி. பக்கத்துலயே தேய்ஞ்சு கிடந்த பேரிங்கைக் காட்டினா, "இன்னும் ஓடும் தாத்தா, எதுக்கு வீண் செலவு"ன்ன. ஓடிச்சே, ஆடி வரைக்கும்! அட, சாமானுக்கா செலவு? 240 அடியிலேர்ந்து 12 குழாயைக் கழட்டி ஏத்துற கூலிதானே செலவு! மோட்டார் வெளியே வந்த அன்னிக்கே தேய்ஞ்சது, தேயப்போறது எல்லாத்தையும் மாத்தி இறக்கணும். ஃபியூஸ் கம்பி கையெட்டுற தூரம், போனப்புறம் போட்டுக்கலாம். அதைப் போய் மாசாமாசம் முன்கூட்டியே மாத்துற. கெட்டிக்காரன்!

எங்கப்பா மாடு கட்டி இறைச்சாரே, அதுக்குப் பேரே கவலை. நடவுக்கு முன்னாடியே புதுத் தோல் பை தெச்சு வெச்சுடுவாரு. கதிர் பால் பிடிக்கிறப்ப கிழிஞ்சா எவன்கிட்ட போறது? இப்ப மாடு போச்சு, தோல் போச்சு. கவலை மட்டும் உன்கிட்ட நின்னுடுச்சு.

இப்ப காயிலா? அதே மோட்டாருக்கு இன்னும் எத்தனை வாட்டி காயில் கட்டுவ? நானும் 5 வாட்டி கட்டின மடையன்தான். சூடு ஏறும், கரண்ட் இழுக்கும், தண்ணி சுண்டும். நமக்கு உறைக்காது, பம்ப்செட்டு கரண்டுக்குப் பில்லே இல்லையே, 1990லேயே இலவசமாக்கிட்டாங்களே! பில் வரலைன்னா வீணாப்போறது தெரியாது. ஆந்திரா எல்லையில நம்ம ஜீரோ பாயிண்ட் கால்வாயைப் பாரு. 1996ல கிருஷ்ணா தண்ணி வந்துச்சு. கண்டலேறு அணையில விட்டதுல, வழியில மண்ணு குடிச்ச மிச்சம்தான் நமக்கு. ஆந்திராப் பக்கம் சத்ய சாயி டிரஸ்ட் கால்வாயைச் சீர் பண்ணினப்புறம்தான், 2004ல, வரத்து தேறிச்சு. மண்ணு குடிச்சதுக்கும் எவனும் பில் அனுப்பலை.

போதும், புது மோட்டார் வாங்கு. பழசைக் காயலான் கடையில போடு, கும்மிடிப்பூண்டி உலையில உருகட்டும். காப்பரை மட்டும் தனியா எடை போடச் சொல்லு. இரும்போட சேர்த்துத் தூக்கிப் போட்டுட்டு வந்து நிக்காதே.